24 மணியா, 48 மணியா, எம்.சி.யா? தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் நோய் விதிகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு தனியார் கிறிஸ்தவப் பள்ளியின் கையேட்டை எடுத்து, நோய்வாய்ப்பட்ட மாணவர் பற்றிய பக்கத்தைப் படித்தால் போதும், அந்தப் பக்கம் எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ‘காய்ச்சல் விட்டு 24 மணி நேரம்’ என்கின்றன. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் வாந்திபேதிக்கு ‘48 மணி நேரம்’ என்கின்றன. உள்ளூர்ப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஒரே கேள்விதான்: ‘எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எங்கே?’

1852இல் தொடங்கிய செயின்ட் சேவியர் போன்ற மிஷன் பள்ளிகளை இதில் சேர்க்கக்கூடாது. அவை அரசாங்க உதவி பெறுபவை. வருகை விஷயத்தில் கல்வி அமைச்சு சொல்வதே அங்கு விதி. தனியார் பள்ளியில் நடைமுறையைத் தீர்மானிப்பது கையேடு. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே அதற்கும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறீர்கள்.

மூன்றில் எது நல்லது என்று கேட்டால் நோயைச் சொல்லுங்கள் என்றுதான் பதில் சொல்ல முடியும். ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு நன்றாகப் பொருந்துகிறது, இன்னொரு நோயில் கோட்டை விடுகிறது.

சாதாரணக் காய்ச்சல், சளிக்காய்ச்சல்

இதில் 24 மணி விதிதான் முன்னே நிற்கிறது. காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமல், முழுதாக 24 மணி நேரம் உடல் சூடு இல்லாமல் இருக்க வேண்டும். ‘மருந்து கொடுக்காமல்’ என்ற சொல்லில்தான் விதியின் உயிர் இருக்கிறது. காலை 6.15க்குப் பனடோல் குடித்த பிள்ளை 7.30க்கு வாசலில் வெப்பமானியைச் சிரித்தபடி தாண்டிவிடும். மருந்தின் வேகம் 4 முதல் 6 மணி நேரத்தில் அடங்கும். அதனால்தான் தாதியின் அறையில் கூட்டம் 10.30க்கு மேல் சேர்கிறது. அதற்குள் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து, சேப்பல் வழிபாட்டில் தோளோடு தோள் நின்று பாடி முடித்திருக்கும். 2025 அக்டோபரில் இன்ஃபுளுவென்சா பரவிச் சில பள்ளிகளை மூடும் நிலை வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் கிருமி பரவ இந்த இடைவெளி ஒன்றே போதும்.

எம்.சி. முறை இங்கே சறுக்குகிறது. திங்கட்கிழமை போனால் கிளினிக்கில் ஒரு நாளோ இரண்டு நாளோ விடுப்பு எழுதுவார்கள். புதன்கிழமை காய்ச்சல் இருக்குமா இருக்காதா என்று திங்கட்கிழமையே மருத்துவருக்கு எப்படித் தெரியும்? தாளில் தேதி முடிந்துவிட்டது, பிள்ளைக்குச் சூடு முடியவில்லை.

எத்தனை டிகிரி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கையேடுகளில் 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி. கோவிட் காலத்துப் பழக்கத்தில் இன்னும் 37.5லேயே வீட்டுக்கு அனுப்பும் பள்ளிகளும் உண்டு. வெயிலில் சபைகூடல் முடிந்த கையோடு நெற்றியில் துப்பாக்கி வெப்பமானியை நீட்டினால் நல்ல பிள்ளைக்கும் கூடுதலாகக் காட்டலாம். குளிர்சாதன அறையில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, காதில் மறுபடி பார்ப்பது முறை.

வாந்திபேதி, அம்மை

வாந்திபேதிக்கு 48 மணி விதிக்குப் போட்டி இல்லை. கடைசி வாந்தி அல்லது கடைசி வயிற்றுப்போக்கிலிருந்து கணக்கு தொடங்கும், முதல் வாந்தியிலிருந்து அல்ல. நோரோ வகைக் கிருமிகள் அறிகுறி நின்ற பிறகும் வெளியேறிக்கொண்டிருப்பதால் 24 மணி போதாது.

சின்னம்மைக்கு மூன்று முறைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்ட வேண்டும், வழக்கமாக 5 முதல் 7 நாள். மூன்று தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையை வெளியே விடாத பாட்டி இருக்கும் வீடு என்றால் பள்ளி விதியைவிட வீட்டு விதியே கடுமை. சின்னம்மைத் தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, தனியார் கிளினிக்கில் பணம் கட்டித்தான் போட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கை, கால், வாய்ப்புண் நோய்

இறக்குமதி செய்த கையேடு முதலில் தோற்பது இங்கேதான். பிரிட்டிஷ் வழிகாட்டுதலில் பிள்ளை தெம்பாக இருந்தால் பள்ளிக்கு வரலாம். அமெரிக்காவிலும் காய்ச்சல் இல்லாமல், வாய்ப்புண்ணால் எச்சில் ஒழுகாமல் இருந்தால் தடுப்பதில்லை. மலேசியாவில் இது 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்க வேண்டிய நோய். அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதே இங்குள்ள நடைமுறை. மாவட்டச் சுகாதார அலுவலகம் வந்து பார்த்து வகுப்பையோ பாலர் பள்ளியையோ தற்காலிகமாக மூடச் சொல்லலாம். காரணமும் இருக்கிறது: இந்த நோயைத் தரும் கிருமிகளில் காக்சாக்கி ஏ16 வந்தால் பெரும்பாலும் தானாக ஆறிவிடும், ஆனால் என்டெரோவைரஸ் 71 அரிதாக மூளையையும் இதயத்தையும் தாக்கும்.

ஆகவே இந்த ஒரு நோய்க்கு எம்.சி. கேட்கும் பள்ளியே மேல், ஒரு நிபந்தனையோடு. முதல் எம்.சி. மூன்று நாளுக்கு மட்டும் இருந்தால் நான்காம் நாள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. 10 நாளையும் எண்ண வேண்டும்.

வகுப்பைச் சுத்தம் செய்வதிலும் தவறு நடக்கிறது. கைக்கழுவும் ஜெல் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பார்கள். இந்தக் கிருமிக்கு ஆல்கஹால் கரைக்கக்கூடிய கொழுப்பு உறை கிடையாது, அதனால் ஆல்கஹால் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் கை கொடுக்கும். மேசைக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் குளோராக்ஸ் போன்ற 5 விழுக்காட்டு வெளுப்பான் 20 மில்லியை எடுத்து, தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் சுமார் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) குளோரின் கிடைக்கும். தடவி 10 நிமிடம் விட்டு, பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அன்றன்று கலக்க வேண்டும். கழிப்பறை அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

மூன்று விதிக்கும் தெரியாத டிங்கி

பள்ளி விதிகள் எல்லாமே ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்தப் பிள்ளையால் அடுத்த பிள்ளைக்குப் பரவுமா? டிங்கி (டெங்கு) பிள்ளைக்குப் பிள்ளை நேராகப் பரவாது, கொசு வேண்டும். அதனால் கையேட்டில் அதற்கு இடமே இருக்காது. ஆனால் டிங்கியில் காய்ச்சல் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் இறங்கும்போதுதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் பிள்ளை இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். ‘காய்ச்சல் விட்டு 24 மணி ஆயிற்று, வரலாம்’ என்ற விதி, மிகவும் கவனிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளையை உடற்கல்வி வகுப்புக்கு அனுப்பிவிடுகிறது.

இதைச் சரிசெய்யப் புது விதி எழுத வேண்டியதில்லை, நோய்க்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கான படிவத்தில் ஒரு வரி போதும்: ‘காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது?’ மூன்று நாளோ அதற்கு மேலோ என்றால் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாதி பெற்றோருக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பள்ளியில் இபுபுரோஃபென் கொடுக்கவே கூடாது, டிங்கியாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும்.

மருந்து அலமாரி

சில பள்ளிகளில் ஒப்புதல் படிவம் இருந்தால் தாதியே பாராசிட்டமால் கொடுப்பார். சில பள்ளிகளில் பெற்றோர் வரும்வரை ஈரத்துணிதான். முதலாவது வசதி, ஆனால் படிவத்தில் எடை எழுத இடம் இருக்கிறதா பாருங்கள். ஒரு வேளை அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 200 முதல் 300. இங்கே விற்கும் திரவ மருந்தில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250உம் உண்டு. முதலாவதில் 10 மில்லி சரியான அளவு. அதே 10 மில்லியை இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500 மில்லிகிராம் ஆகிவிடும். வீட்டில் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்காமல் மருந்தைத் தொடும் தாதி இருந்தால் அந்தப் பள்ளியின் கையேடு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

தாதி அறையில் பிள்ளைக்காக ஜெபிப்பது கிறிஸ்தவப் பள்ளியில் இயல்பு. இந்துக் குடும்பங்களில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சிலர் விரும்புவதில்லை. இதையும் சேர்க்கையின்போதே கேட்டுப் படிவத்தில் குறித்துக்கொள்ளும் பள்ளியில் பின்னால் சங்கடம் வராது.

யார் வந்து கூட்டிப் போவது?

‘ஒரு மணி நேரத்துக்குள் வந்து அழைத்துச் செல்லவும்’ என்பது மூன்று வகைப் பள்ளிகளிலும் இருக்கும். சைபர்ஜெயாவில் வேலை, செந்தூலில் பள்ளி என்றால் அது நடக்காத காரியம். வேலைச் சட்டத்தில் உள்ள எம்.சி. விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான், பிள்ளையின் நோய்க்கு அல்ல. காலையில் பனடோல் கொடுத்து அனுப்பும் பெற்றோரைத் திட்டுவது சுலபம், அவர்களில் பலருக்கு வேறு வழி இல்லை. ஸ்கூல் வேன்காரர் காய்ச்சல் பிள்ளையை ஏற்றமாட்டார், ஏற்றவும் கூடாது. ஆகவே பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று இரண்டு மூன்று பேரின் பெயரையும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளியில் பதிந்துவிடுங்கள். பட்டியலில் இல்லாதவரிடம் பிள்ளையைக் கொடுக்காத பள்ளி சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

பரிசளிப்பு விழாவில் ‘முழு வருகை’ விருது இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். 24 மணி என்று கையேட்டில் எழுதி, ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு மேடையில் கோப்பையும் கொடுத்தால், எட்டு வயதுப் பிள்ளை எதை நம்பும்?