சொட்டுச் சொட்டாகவா, மொத்தமாகவா? விளையாட்டில் வசனம் வரும் விதங்கள்

குலசேகரத்தில் இருக்கும் அத்தையிடம், நான் செய்துகொண்டிருக்கும் கதை விளையாட்டைக் கைப்பேசியில் காட்டினேன். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்களே, இது என்ன ரப்பர்ப் பால் மாதிரி சொட்டுச் சொட்டாக வருகிறது? சிரட்டை நிறையும் வரை நான் உட்கார்ந்திருக்க வேண்டுமா?"

எட்டாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகனுக்கு அதே வசனத்தை மொத்தமாகத் திரையில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வரியும் படிக்காமல் தட்டித் தள்ளிக்கொண்டே போய்விட்டான். கதையில் யார் இறந்தார் என்று கேட்டால், "யாராவது இறந்தார்களா?" என்கிறான்.

எழுத்தெழுத்தாக வருவது பழைய வழக்கம். 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட் முதற்கொண்டு ஜப்பானிய விளையாட்டுகள் அப்படித்தான் பேசின. 2015இல் வந்த அண்டர்டேல், பாத்திரத்துக்குப் பாத்திரம் வேறு வேறு 'டிக்டிக்' ஒலி வைத்து, குரல் நடிகரே இல்லாமல் ஆளுக்கொரு குரல் கொடுத்துவிட்டது.

இந்த முறை தமிழுக்குப் பொருந்துமா? பொருளளவில் மிக நன்றாகப் பொருந்தும் என்பது என் கட்சி. என் கதையில் முட்டம் கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒருவன் நண்பனிடம் சொல்கிறான்: "உன்னை நான் ஒருநாளும் காட்டிக்கொடுக்க மாட்டேன்." 'காட்டிக்கொடுக்க' வரை வந்து வசனம் ஒரு நொடி நின்றால் படிப்பவருக்கு மூச்சு நிற்கும். ஆங்கிலத்தில் 'மாட்டேன்' முன்னாலேயே வந்து குட்டு உடைந்துவிடும். ஜப்பானிய மொழியிலும் நம்மைப்போல வினை கடைசியில்தான்.

சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. 'நாகர்கோவில்' என்பது நமக்கு 6 எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு 11 துண்டு. நிரலைத் துண்டு துண்டாக ஓடவிட்டால் முதலில் 'நாகர' என்று வந்து, பிறகு புள்ளி விழும். அடுத்து 'க' வரும். உடனே அதன் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் முளைக்க, நடுவில் இருந்த 'க' வலப்புறம் துள்ளும். வரி முழுக்க இந்தத் துள்ளல்தான். அத்தைக்கு எரிச்சல் வந்ததில் பாதிப் பங்கு இதற்கு உண்டு என்று நினைக்கிறேன். இன்னொன்று, நம் சொற்களின் நீளம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' வரியின் ஓரத்தில் தொடங்கி, பாதியில் இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தாவும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: முழு வசனத்தையும் முதலிலேயே வரி பிரித்து அடுக்கி, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்து, மெய்யும் குறியும் சேர்ந்த முழு எழுத்தாகத் திறந்துவிட வேண்டும்.

மொத்தமாகக் காட்டும் முறையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. படிப்பவர் தன் வேகத்தில் படிக்கலாம், திரும்பிப் பார்க்கலாம். 2019இல் வந்த டிஸ்கோ எலிசியம் உரையாடலைத் திரையின் வலப்பக்கம் நீளப் பத்தியாக ஓடவிட்டது. முன்பு சொன்னது மேலே அப்படியே நிற்கும். ஆனால், கண் 'மாட்டேன்' மீது முதலில் விழுந்துவிட்டால் என் முட்டம் காட்சி செத்தது.

குரலோடு ஓடும் வசனம் பெரிய நிறுவனங்களுக்கு. 2001இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 10தான் அந்த முதன்மை வரிசையில் குரல் நடிப்புப் பெற்ற முதல் விளையாட்டு. பேசி முடிக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும். நேரம் குறித்து மறையும் வசனம் இன்னும் மோசம். 2012இல் வந்த தி வாக்கிங் டெட் விளையாட்டில் பதிலுக்கும் நேரம் ஓடும். வாய்திறக்காமல் இருந்தால் அதுவும் ஒரு பதில். அங்கே அது கதைக்கு உதவியது. என் அத்தையிடம் அதைச் செய்தால் கைப்பேசி கிணற்றுக்குள் போகும்.

கடைசியில் நான் எடுத்தது சொல் சொல்லாக வரும் முறை. காற்புள்ளியில் சிறு நிறுத்தம், முற்றுப்புள்ளியில் கொஞ்சம் நீளம். திரையை ஒருமுறை தட்டினால் வரி நிறையும், மறுமுறை தட்டினால் அடுத்த வசனத்துக்கு நகரும். இதில் எதிர்பாராத ஒரு வேலை சேர்ந்துகொண்டது: 'காட்டிக்கொடுக்கமாட்டேன்' என்று சேர்த்து எழுதினால் நிறுத்தம் போய்விடுகிறது. அதனால் சொல் பிரிப்பதை இலக்கணத்துக்காக மட்டுமல்லாமல் தாளத்துக்காகவும் திருத்திக்கொண்டிருக்கிறேன். பிழைதிருத்தும் நண்பருக்கு இதில் உடன்பாடில்லை.

போக்கிமான் 1996இலேயே வைத்ததுபோல மெதுவாக, நடுத்தரம், வேகம் என்று மூன்று தேர்வும், அத்தைக்காக 'உடனே' என்று நான்காவதும் வைத்திருக்கிறேன். அண்ணன் மகனுக்காக ஒன்று: பதில் தேர்வு திரையில் வந்த முதல் அரை நொடிக்கு எந்தத் தட்டும் செல்லாது.