டிசம்பர் லீவில் சென்னையில் மூக்கு அறுவை: வீக்கம் வடிய எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

டிசம்பர் லீவுக்கு வெளிநாட்டிலிருந்து ஊர் வருகிறவர்கள் அதே பயணத்தில் மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்துகொண்டு, கூடவே மூக்கின் வடிவத்தையும் திருத்திக்கொண்டு திரும்புவது சென்னையில் இப்போது சகஜம். நல்ல மருத்துவமனைகளில் அறுவை அரங்கு, மயக்க மருந்து, சர்ஜனின் கைத்திறன் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவறு நடப்பது தேதி குறிப்பதில்தான். கல்யாணம், குலதெய்வக் கோயில், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் முடித்துவிட்டு, விமானம் ஏறப் பத்து நாள் இருக்கும்போது அறுவையை வைத்துக்கொள்கிறார்கள். வந்து இறங்கி, பயணத்தில் சளி ஏதும் பிடிக்கவில்லை என்று மூன்று நான்கு நாள் பார்த்துவிட்டு, உடனே அறுவையை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு குறைந்தது மூன்று வாரம் ஊரில் இருக்க வேண்டும். நான்கு வார விடுப்பு கிடைக்காதவர்கள் அடுத்த பயணத்துக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

வெளிநாட்டில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலையும் உண்டு. ஐபுபுரூஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ ஆகியவற்றை சர்ஜனிடம் சொல்லி, அறுவைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. மூக்குத்தியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்பப் போட்டுக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், அதற்குள் துளை தூர்ந்தும் போகலாம். வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிறகு மனவருத்தம் வராது.

வீக்கம் உச்சத்துக்குப் போவது அறுவை முடிந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள். மூக்கெலும்பை வெட்டி நெருக்கியிருந்தால் கண்ணுக்குக் கீழே கருநீலம் படரும். மூன்றாம் நாள் காலை கண் திறக்கவே சிரமமாக இருக்கும், வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். அது எதிர்பார்த்ததுதான். அந்தக் கருநீலம் பச்சையாகி, மஞ்சளாகி, பத்திலிருந்து பதினான்கு நாளில் மறையும். முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். மூக்கின் மேலே வைக்கக்கூடாது. அதன் எடையும் உருகும் நீரும், மூக்கைத் தாங்கி நிற்க மேலே ஒட்டியிருக்கும் ஸ்பிளின்ட்டைத் தளர்த்திவிடும். இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து, மல்லாந்து தூங்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு. படுத்து எழுந்த காலையில் வீக்கம் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் தெரியும். ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்ட மறுநாள் கண்கூடாகவே ஏறியிருக்கும்.

சென்னை வீடு இந்த நோயாளிக்குச் சில தொந்தரவுகளைத் தரும். வியர்வையில் பிளாஸ்திரி கழன்று வரும், அதனால் ஏசி அறை தேவை. ஆனால் காற்று நேராக முகத்தில் அடித்தால், வாயால் மூச்சு விடுகிறவருக்குத் தொண்டை வறண்டு இரவெல்லாம் தூக்கம் போய்விடும். மிளகாய் தாளிக்கிற நெடி, சாம்பிராணி, ஜனவரி நடுவில் அறுவை என்றால் போகிப் புகை, எல்லாமே தும்மலைக் கிளப்பும். தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்து தும்ம வேண்டும். மூக்கைச் சிந்துவது இரண்டு வாரத்துக்குக் கூடாது. மேலுதட்டை அதிகம் அசைக்க வைக்கும் முறுக்கு, கரும்பு இரண்டையும் தள்ளிவைத்து, இட்லி, தயிர்சாதம், ஆறின ரசம் என்று ஒரு வாரம் ஓட்டலாம். தலைக்குக் குளிப்பதென்றால் சலூனில் செய்வதுபோலப் பின்னால் சாய்ந்து வேறொருவர் ஊற்ற வேண்டும்.

மருந்துக் கடை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மூரில் வீக்கம் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒரு மாத்திரை கைக்கு வரும். அதில் அசெக்ளோஃபினாக் 100 மில்லிகிராம், பாரசிட்டமால் 325, செராஷியோபெப்டிடேஸ் 15 சேர்ந்திருக்கும். முதலாவது ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடிய வகை, புதிதாக அறுத்த மூக்கில் அது கசிவைக் கூட்டலாம். மூன்றாவது வீக்கத்தை வடிக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இதோடு வலிக்கென்று 650 பாரசிட்டமாலையும் தனியாகப் போட்டுக்கொண்டால், தெரியாமலே ஒரே மருந்து இரண்டு வழியில் உள்ளே போகிறது. சில சர்ஜன்கள் அந்தக் கலவை மாத்திரையைத் தாங்களே எழுதுவதும் உண்டு. அப்படியானால் எந்த நாளிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் பட்டையை நறுக்கி, காகித உறையில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதிக் கொடுப்பார்கள். நறுக்கிய துண்டில் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாமல் போகலாம். முழுப் பட்டையாகவே வாங்குங்கள், பில்லோடு. திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் காட்டவும், அங்குள்ள மருத்துவர் புரிந்துகொள்ளவும் அதுதான் உதவும்.

மூக்கைக் கழுவும் உப்புநீரில் கவனம் தேவை. கேன் தண்ணீர் குடிக்கச் சரி, மூக்குக்குச் சரியல்ல. குழாய்த் தண்ணீரும் கூடாது. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா தொற்று கேரளத்தில் 2024லும் 2025லும் உயிர்களைப் பறித்தது. தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் 240 மில்லியில், அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். முதல் வாரம் ஸ்பிரே மட்டும், அழுத்திக் கழுவுவது சர்ஜன் சொன்ன பிறகுதான். காய்ந்த பொருக்கை நகத்தால் நோண்டினால் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் ரத்தம் கொட்ட அதுவே காரணமாகும்.

ஏழாம் நாள் வாக்கில் ஸ்பிளின்ட்டை எடுப்பார்கள். உள்ளே சிலிக்கோன் தகடு வைத்திருந்தால் அதுவும் அப்போதே வரும். உருவும்போது கண்ணில் நீர் வரும், சில நொடிதான், உடனே காற்று உள்ளே பாயும். ஆனால் கண்ணாடியில் தெரிகிற மூக்கு யாருக்கும் பிடிக்காது. நுனி தூக்கி, பருத்து, தோல் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கும். அழுத்தம் விலகியதால் அடுத்த ஓரிரு நாளில் இன்னும் சற்று உப்பும். அத்தை சித்தி எல்லோரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லப்போகிற வாரம் இது. யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பார்வைக்குத் தெரிகிற வீக்கத்தில் பெரும்பகுதி ஒரு மாதத்தில் போய்விடும். நுனி மட்டும் ஒரு வருடம் எடுக்கும். நம்மவர்களில் பலருக்கு இருப்பதுபோலத் தடித்த, எண்ணெய்ப்பசையுள்ள தோல் என்றால், திறந்த முறை (துவாரங்களுக்கு இடையிலுள்ள தோலை வெட்டித் திறந்து செய்யும்) அறுவைக்குப் பிறகு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நுனிக்குச் சற்று மேலே வீக்கம் தங்கி, பக்கவாட்டில் பார்த்தால் கிளிமூக்குபோலத் தெரிவதும் இந்தத் தோலில்தான் அதிகம்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. அரை அங்குல மைக்ரோபோர் டேப்பை நுனிக்கு மேலுள்ள பள்ளத்தில் குறுக்காக, தோல் வெளுக்காத அளவு அழுத்தத்தில், இரவில் மட்டும் சில வாரங்கள் ஒட்டுவது ஒன்று. எப்படி என்று ஸ்பிளின்ட் எடுக்கும் அன்றே நர்ஸைச் செய்துகாட்டச் சொல்லி, போனில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். மற்றது டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. இதை நான்கைந்து வாரத்துக்கு முன்பு பொதுவாகப் போடுவதில்லை. அவசரப்பட்டோ அளவு மீறியோ போட்டால் தோல் மெலிந்து குழி விழும். ஊருக்குப் போவதற்குள் போட்டுவிடுங்கள் என்று சர்ஜனை நெருக்குவது தவறு. டொராண்டோவிலோ லண்டனிலோ அதைப் போடச் சம்மதிக்கும் நிபுணரைப் பயணத்துக்கு முன்பே பேசிவைப்பதுதான் சரி. மறு அறுவை பற்றிய பேச்சு ஒரு வருடத்துக்கு முன் வேண்டாம்.

பயப்பட வேண்டிய வீக்கம் வேறு மாதிரி இருக்கும். குறைந்துகொண்டிருந்த வலி திரும்பக் கூடி, இரண்டு துவாரமும் ஒருசேர அடைத்து, உள்ளே நடுச்சுவரில் மெத்தென்று புடைத்திருந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அந்தச் சுவரின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் இல்லை, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம். இடையில் ரத்தம் தேங்கிப் பிரித்துவிட்டால் சில நாளிலேயே குருத்தெலும்பு செத்து, மூக்குத் தண்டு உள்வாங்கிவிடும். அன்றே திறந்து வடிக்க வேண்டும். காய்ச்சலோடு சிவந்து சூடான மூக்கு, குனிந்தால் ஒரு துவாரத்தில் மட்டும் தெளிந்த நீர் சொட்டுவது, பத்துப் பதினைந்து நிமிடம் முன்சாய்ந்து பிடித்தும் நிற்காத ரத்தம், இவையும் காத்திருக்கக் கூடாதவை. இரவில் கிளினிக் போனை யார் எடுப்பார்கள் என்பதை அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். சென்னையின் சேவையில் பலவீனமான இடம் இதுதான், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் காலையில் பதில் வரும் என்ற ஏற்பாடு போதாது. 108ஐ அழைத்தால், சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற, எந்நேரமும் அவசரப் பிரிவு இயங்கும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

பேக்கேஜ் விலையில் மயக்க மருத்துவர் கட்டணம், ஸ்பிளின்ட், தொடர் பரிசோதனைகள் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எந்த இடத்துக் குருத்தெலும்பை எங்கே வைத்தார்கள், செயற்கைப் பொருள் ஏதும் வைத்தார்களா என்று சொல்லும் அறுவைக் குறிப்பின் நகலும் வேண்டும்.

விமானம் ஏற இரண்டு வாரமாவது கழிய வேண்டும் என்பது பாதுகாப்பான கணக்கு. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், ஈரப்பதமும் மிகக் குறைவு. லண்டனுக்கே பத்து மணி நேரத்துக்கு மேல், டொராண்டோ என்றால் இன்னும் நீளம். 100 மில்லிக்கு உட்பட்ட உப்புநீர் ஸ்பிரேயைக் கைப்பையில் வைத்து, ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை அடித்துக்கொள்ளலாம். பெட்டியை மேலே தூக்கி வைக்க வேறொருவரைக் கேளுங்கள். தரையிறங்கும்போது, மூக்கு அடைத்திருந்தால் காதுவலி கடுமையாக வரும். சர்ஜன் அனுமதித்தால் அரை மணி நேரம் முன்பு மூக்கடைப்பைத் திறக்கும் ஆக்சிமெட்டசோலின் ஸ்பிரே ஒருமுறை அடித்து, மிட்டாய் சப்பி எச்சில் விழுங்கிக்கொண்டே வரலாம். மூக்கைப் பொத்திக் காற்றை ஊதிக் காதைத் திறக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பயணத்தில் அதைச் செய்யவே கூடாது.