டி430-இல் நாலு கோர் போட்டு மூன்று கோடை ஆகிறது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஐ7-3632க்யூஎம் என்ற இன்டெல் பிராசஸர், என் திங்க்பேட் டி430 லேப்டாப்பில் மூன்று வருடமாக ஓடுகிறது. 2012 மாடல். அந்தக் காலத்தில் பிராசஸரைச் சாக்கெட்டில் செருகித் தந்தார்கள், கழற்றி மாற்றலாம். இன்டெல் 5ஆம் தலைமுறையிலிருந்து லேப்டாப் சிப்பைப் போர்டோடு சால்டர் செய்துவிட்டதால், புது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்த விளையாட்டே கிடையாது.

பழையது ஐ5-3320எம், 2 கோர், அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் மூளை இரண்டு. எல்லோரும் 45 வாட் சிப்பைப் பரிந்துரைத்தார்கள். வாட் கூடினால் சூடும் கூடும், சென்னையில் இருந்துகொண்டு எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. 3632-இல் 4 கோர், ஆனால் பழையதைப் போலவே 35 வாட். வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள்: இதே பெயரில் சால்டர் செய்கிற வகையும் உண்டு. முதல் கடையில் எடுத்து நீட்டியது அதுதான். திருப்பிப் பார்த்தேன், அடியில் ஒரு பின் கூட இல்லை. அடுத்த கடைக்கு நடந்தேன்.

கீபோர்டையும் பாம் ரெஸ்டையும் கழற்றி ஃபேனைத் தூக்கினால், காற்று வெளியேறும் செம்புத் தகடுகளின் முன்னால் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. அப்படியே உரித்து எடுத்தேன். சிப் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. இவ்வளவு நாளும் 92 டிகிரி காட்டியதற்கு ஐ5 என்ன செய்யும், பாவம்! சாக்கெட்டில் லீவர் இல்லை, ஒரு ஸ்க்ரூதான். தட்டை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் திருப்பினால் சிப் தானாக விடுபடும். புதியதை வைத்து, அரிசி அளவு பேஸ்ட் இட்டு மூடினேன். மெஷினைத் துவக்கிவைக்கும் பயாஸ் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

பலன்? பிரவுசர், வேர்ட் இதிலெல்லாம் ஒரு மாற்றமும் தெரியாது. டர்போ வேகம் (தேவைப்படும்போது தானாக எகிறும் வேகம்) பழையதில் 3.3 கிகாஹெர்ட்ஸ், இதில் 3.2, ஒற்றைக் கோர் வேலையில் துளி பின்தங்கியே இருக்கிறது. வீடியோ கன்வெர்ட் செய்யும்போதுதான் காசு கொடுத்தது தெரியும். 50 நிமிடம் இழுத்தது இப்போது 30-இல் முடிகிறது.

சூடு விஷயத்தில் முதல் கத்திரி வெயில் நன்றாகவே பாடம் எடுத்தது. மதியம் ஃபேன் மட்டும் போட்ட அறையில் கன்வெர்ட் ஓடவிட்டால் 94 வரை ஏறியது, லுங்கி வழியாகத் தொடை சுட்டது. இந்தத் தலைமுறையில் வோல்டேஜைக் குறைக்க வழி இல்லை. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100-லிருந்து 99 ஆக்கினேன். அந்த ஒரு எண் டர்போவை நிறுத்திவிடும். வேகம் 2.2-இல் நிற்கும், சூடு 72-ஐத் தாண்டவில்லை. கன்வெர்ட்டுக்குப் பத்து நிமிடம் கூடுதல், போகட்டும். ஏப்ரல் வந்தால் 99, ஐப்பசி மழைக்கு 100 என்று பழகிவிட்டது.

ஒன்றரை வருடத்தில் சூடு மெல்ல ஏறியது, மறுபடி பேஸ்ட் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது ஃபேன் லேசாகக் கரகரக்கிறது. இதில் ஃபேனும் ஹீட்சிங்கும் (அந்தச் செம்புத் தகடுகள்) ஒரே செட், சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய ஐ5-ஐ, பின் வளையாமல் ஸ்பாஞ்சில் குத்தி, ஒரு டிபன் டப்பாவில் வைத்திருக்கிறேன்.