வீட்டில் செய்யும் சிஎன்சி ரவுட்டர்: பால் ஸ்குரூவா, ரேக் பினியனா, பெல்ட்டா?

சொந்தமாக சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் பிட்டை நகர்த்தி மரம் வெட்டும் மெஷின்) செய்யப் போகிறேன் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பிட்டைச் சுற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் எத்தனை கிலோவாட் போடலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது டேபிள் எத்தனை அடி என்று. ஒவ்வொரு திசையிலும் பிட்டை நகர்த்தும் அச்சை எதை வைத்து ஓட்டுவது என்பதை அந்த நீளம்தான் முடிவு செய்கிறது. அதைத் தப்பாக எடுத்துவிட்டால் பிறகு பாதி பிரேமைப் பிரிக்க வேண்டிவரும்.

3டி பிரிண்டரில் வரும் டி8 லீட் ஸ்குரூவைத்தான் (சுற்றும் திருகு, அதன்மேல் நகரும் நட்) என் முதல் மெஷினில் போட்டேன். 8 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்வு, விலையும் குறைவு. சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் வட்டம் வெட்டினால் வட்டமாக வரவில்லை, அச்சு திசை திரும்பும் நாலு இடத்திலும் சின்னதாக ஒரு தட்டை விழுந்தது. மரத்தூள் போய்ப் போய்ப் பித்தளை நட் தேய்ந்து ஆட்டம் வந்திருந்தது. ஸ்பிரிங் வைத்த நட் மாற்றிப் பார்த்தேன், பிட் மரத்தைத் தள்ளுகிற வேகத்தில் ஸ்பிரிங்கே அமுங்கியது. ரவுட்டருக்கு இது வேண்டாம் என்பது என் முடிவு.

பெல்ட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. லேசருக்கும் பேனா பிளாட்டருக்கும் அருமையானது. தேக்கில் 6 மி.மீ. பிட்டை இறக்கினால் பெல்ட் இழுபடும், நீளம் கூடக்கூட இன்னும் அதிகமாக.

உண்மையான போட்டி, நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகான பால் ஸ்குரூவுக்கும், நேரான பல் பட்டையில் பல் சக்கரம் உருளும் ரேக் பினியனுக்கும்தான். பால் ஸ்குரூவில் 1605 என்றால் 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. ஒரு சுற்றை 200 ஸ்டெப்பாகப் பிரித்து ஓடும் மோட்டாரை நேராகக் கப்ளிங்கில் மாட்டினால் ஒரு ஸ்டெப்புக்கு 0.025 மி.மீ., மரவேலைக்கு இது தாராளம். உள்ளே குண்டு உருள்வதால் மோட்டார் கொடுக்கும் சக்தியில் 90 சதவீதம் அளவுக்கு வேலைக்கே போகிறது. சி7 என்ற துல்லிய கிரேடு எடுத்தால் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ.க்குள் பிழை. 4 அடி வரைக்கும் நான் யோசிக்கவே மாட்டேன், இதுதான்.

ஆனால் நீளமான திருகு வேகமாகச் சுற்றும்போது நடுவில் கயிறு மாதிரி ஆட ஆரம்பிக்கும். நீளம் இரண்டு மடங்கானால் பாதுகாப்பாகச் சுற்றக்கூடிய வேகம் கால்வாசியாகிவிடும். 4 அடி 1605 சுமார் 1,300 ஆர்பிஎம் தாங்கும், அதாவது நிமிடத்துக்கு ஆறரை மீட்டர் நகர்வு. 8 அடியில் அதே திருகு 330 ஆர்பிஎம், ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஸ்பிண்டில் 18,000-ல் ஓடுகிறது, பிட்டுக்கு இரண்டு வெட்டு முனை, ஒவ்வொரு முனையும் 0.1 மி.மீ. செதுக்க வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 3.6 மீட்டர் நகர்ந்தாக வேண்டும். நகராவிட்டால் பிட் செதுக்காமல் தேய்க்கும், மரம் கருகும், முனை மழுங்கும். ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகரும் 1610 போட்டால் வேகம் இரட்டிப்பாகும், 8 அடிக்கு அதுவும் இழுபறிதான்.

அதனால் 8க்கு 4 பிளைவுட் ஷீட்டை முழுதாகப் போட நினைத்தால் நீள அச்சுக்கு ரேக் பினியன். எத்தனை அடி ஆனாலும் அதன் வேகம் குறையாது. மாட்யூல் 1 (பல்லின் அளவு), 20 பல் பினியன் ஒரு சுற்றில் 62.8 மி.மீ. போகும், ஒரு ஸ்டெப்புக்கு 0.314 மி.மீ., அப்படியே மாட்டினால் வேலைக்கு ஆகாது. டைமிங் பெல்ட்டில் 4க்கு 1 குறைப்பு கட்டாயம். பினியனை ஸ்பிரிங்கால் ரேக்கோடு அழுத்தி வைத்தால் ஆட்டம் அடங்கும். இரண்டு ரேக் துண்டைச் சேர்க்கும் இடத்தில் மூன்றாவது துண்டை எதிர்ப்பக்கமாகப் பல்லோடு பல் பொருத்திக் கிளாம்ப் போட்டுவிட்டு அப்புறம் போல்ட்டை முறுக்குங்கள், இல்லையென்றால் அந்த மூட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மரத்தில் கோடு தெரியும். பல் கீழ்நோக்கி இருக்கட்டும், தூள் அடையாது.

மேலும் கீழும் போகும் இசட் அச்சுக்குப் பால் ஸ்குரூதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. கதவுப் பலகையில் கார்விங் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது, ஸ்பிண்டில் தன் கனத்திலேயே சரசரவென்று இறங்கிப் பலகையில் குழி போட்டது. பால் ஸ்குரூ அவ்வளவு லகுவானது, மோட்டார் பிடிக்காவிட்டால் தானாகச் சுற்றும். பிரேக் வைத்த மோட்டார் வாங்கலாம். நான் கார் டிக்கியில் வருகிற மாதிரி கேஸ் ஸ்பிரிங் ஒன்றைக் கனத்துக்குப் பொருத்தமாக மாட்டிவிட்டேன், இப்போது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆக, 8க்கு 4 மெஷினுக்கு என் தேர்வு நீளத்தில் இரண்டு பக்கமும் ரேக், குறுக்கே 1610, இசட்டில் 1605. ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். பிரேமை வெல்டிங் செய்து ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குப் பாலமான கேன்ட்ரியை ஏற்றிப் பூட்டியதும், பிட் நிற்கும் இடத்தில் நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துக் கையால் ஒரு 10 கிலோ அளவுக்குத் தள்ளிப் பாருங்கள். முள் 0.3 மி.மீ. நகர்ந்தால் திருகுக்கு வைத்த பணத்தை முதலில் கேன்ட்ரி ட்யூபுக்குத் திருப்புங்கள்.