பழைய ரோட்ஸ்டருக்கு எந்தக் கியர் லிவர்?

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார், 1989இல் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் வந்தது. இதன் கியர் லிவர் நேரே கியர்பொக்ஸுக்குள் இறங்குகிறது, இடையில் கேபிள் எதுவும் கிடையாது. முப்பது வயதான காரில் அந்த லிவர் கூழுக்குள் அகப்பை விட்டதுபோல் ஆடினால், வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் மூன்று.

மலிவானது லிவரின் உச்சியில் பாரமான குமிழ். மரையின் அளவு எம்10×1.25, பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகினால் வேலை முடிந்தது. பாரம் கூடுவதால் கியர் கொஞ்சம் இலகுவாக விழும், ஆனால் ஆட்டம் அப்படியே இருக்கும். கூரையைத் திறந்து கொழும்பு வெள்ளவத்தை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் உலோகக் குமிழைத் தொடமுடியாது என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

ஆசை காட்டுவது ஷோர்ட் ஷிஃப்டர் என்ற மாற்று லிவர். லிவர் சுழலும் பந்துக்கு மேலே இருக்கும் நீளத்துக்கும் கீழே இருக்கும் நீளத்துக்குமான விகிதத்தை மாற்றுவதால் கை நகரும் தூரம் குறைகிறது. அதே அளவுக்குக் கையின் பலம் கூடுதலாகத் தேவை, அவசரமாகத் தள்ளினால் கியர்பொக்ஸுக்குள் கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையங்களுக்கும் அடி. வேலை முடிந்து போகும் நேரத்தில், கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு அது சுகமா? எனக்குச் சந்தேகம்தான்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: பழைய லிவரை வைத்துக்கொண்டு கீழ்முனையில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையான புஷ், இரண்டு றப்பர் உறைகள், ஒயில் ஆகியவற்றைப் புதுப்பிப்பது. லிவர் உட்காரும் கிண்ணத்துக்குக் கியர்பொக்ஸிலிருந்து தனியான ஒயில் உண்டு, 75டபிள்யூ-90 ரக கியர் ஒயில், ஏறத்தாழ 80 மில்லிலீட்டர். பலர் அதை மாற்றுவதே இல்லை. றப்பர் கிழிந்திருந்தால் சூடும் ஒயில் மணமும் உள்ளே வரும், கொழும்புப் புழுக்கத்தில் அது தனி வேதனை.

ஹேண்ட்பிரேக் இழுத்து, நியூட்ரலில் வைத்து, நடுக் கொன்சோலை எடுங்கள். பெரிய றப்பரைக் கழற்றினால் சின்னது தெரியும். அதைச் சுற்றிலும் துடைத்த பிறகே மூன்று 10 மில்லிமீட்டர் போல்ட்களைக் கழற்றி லிவரைத் தூக்குங்கள், மண் உள்ளே விழக்கூடாது. பழைய ஒயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சலாம். அரை நாளில் முடியும் வேலை, காருக்கடியில் படுக்கவேண்டியதில்லை. ஒயில், கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். புஷ்ஷும் றப்பரும் இந்தக் காருக்கென்றே உள்ளவை, பார்ட் நம்பரோடு தேடுங்கள்.

அப்புறமும் ஷோர்ட் ஷிஃப்டர் ஆசை போகாவிட்டால், சரி, வாங்கிக்கொள்ளுங்கள். புஷ்ஷும் றப்பரும் அதற்கும் வேண்டியவைதான். இரண்டாம் கியர் கிறீச்சிட்டால் மட்டும் இந்த மூன்றில் எதற்கும் காசு போடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் சின்க்ரோவில் இருக்கும், அதற்குக் கியர்பொக்ஸையே இறக்கவேண்டும்.