நான்கு வருடமாக அதே பேட்டரி

இப்போது கையில் இருக்கும் போனை வாங்கி அடுத்த மாதத்தோடு நான்கு வருடம் ஆகிறது. பேட்டரி மாற்றவில்லை. புதிதாக இருந்தபோது பேட்டரிக்கு இருந்த கொள்ளளவில் இப்போது எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டுச் சொல்லும் ஒரு செயலியை வாங்கிய முதல் வாரமே போட்டு வைத்தேன், அது இன்று 86 சதவீதம் என்கிறது. அந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம், போன வாரம் 88 காட்டியது, அதற்கு முன்பு 84. ஆனாலும் காலை ஏழு மணிக்குச் சார்ஜரிலிருந்து எடுத்தால் ராத்திரி சாப்பிட்டு முடிக்கும்வரை தாங்குகிறது, எனக்கு அது போதும்.

இதற்கு முந்தைய போன் அப்படியில்லை. இரண்டாவது வருடமே மதியம் மூன்று மணிக்குச் சார்ஜர் தேட ஆரம்பித்துவிட்டேன். 30 சதவீதம் இருக்கிறதே என்று கேமராவைத் திறந்தால் பட்டென்று அணைந்துவிடும். கடைசியில் ஒரு நாள் மேசையில் வைத்து விரலால் தொட்டபோது போன் இப்படியும் அப்படியும் ஆடியது. தூக்கிப் பார்த்தால் பின்மூடி ஒரு பக்கம் பிரிந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பேட்டரி உப்பிவிட்டது. நான் செய்த முட்டாள்தனம், அந்த மூடியை அழுத்தி மறுபடி ஒட்டப் பார்த்தது. யாரும் அதைச் செய்யாதீர்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜ் போடாமல், போனை அணைத்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்விட வேண்டும். குப்பையிலும் போடக்கூடாது.

இத்தனைக்கும் இரண்டு போனிலும் என் வேலை ஒன்றுதான். அதே அரட்டை, அதே வீடியோ, அதே வரைபடம். பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்தபோது பழைய போனுக்கு நான் செய்த கொடுமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ராத்திரி சார்ஜ் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குவேன். காரில் போனால் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயில் நேராக விழும் இடத்தில் மாட்டி, வரைபடத்தை ஓடவிட்டு, சார்ஜும் போடுவேன். ஒரு முறை திரை தானாக மங்கியது, சூடு அதிகமாகிவிட்டது, சார்ஜ் நிறுத்தப்பட்டது என்று ஒரு செய்தி வந்தது. கழற்றிக் கையில் எடுத்தால் சுடுகிறது. நான் என்ன செய்தேன்? ஏசி காற்று வரும் இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு மறுபடி அங்கேயே மாட்டினேன்.

சூடு ஏன் இவ்வளவு கெடுதல் என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இன்றைய போன்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியின் உள்ளே மைனஸ் முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். பேட்டரி ஒழுங்காக வேலை செய்ய அது தேவைதான், ஆனால் நாள் போகப் போக அது தடித்துக்கொண்டே வருகிறது, தடிக்கும்போது மின்சாரம் சுமக்க வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த லித்தியம் திரும்பி வராது. சூடு கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும், பேட்டரி முழுக்க நிரம்பி மின்னழுத்தம் உச்சத்தில் இருந்தாலும் வேகமாக நடக்கும். இரண்டும் சேர்ந்தால்? தலையணைக்குக் கீழே 100 சதவீதத்தில் ஆறு மணி நேரம். அதைத்தான் இரண்டு வருடம் தினமும் செய்திருக்கிறேன். ஆப்பிள் தன் போன்களைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று வரம்பு சொல்கிறது. வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் காருக்குள் 35 டிகிரியெல்லாம் நிமிடக் கணக்கில் தாண்டிவிடும்.

புதுப் போன் வந்ததும் பயந்துபோய் எதிர்த்திசையில் ஓடினேன். அந்தப் போனில் 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தது, பிறகு வந்த ஓர் அப்டேட்டில் அது 80 ஆனது. போட்டேன். 30க்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க நான் சுவரோரம் பிளக் தேடிக்கொண்டிருந்தேன். தங்கை பார்த்துவிட்டு, “அண்ணா, போன் உனக்கா, நீ போனுக்கா?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

அந்த 80 சதவீதக் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். மூன்று வருடம் கழித்துப் பேட்டரி 80 சதவீதமாகச் சுருங்கிவிடுமே என்று பயந்து, முதல் நாளிலிருந்தே 80 சதவீதப் பேட்டரியோடு வாழ்கிறோம். வீட்டிலும் அலுவலகத்திலும் சார்ஜர் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு அதில் நஷ்டமில்லை, தாராளமாகப் போடலாம். நாள் முழுக்க வெளியே அலைகிறவர்கள் 100 வரை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். நான் இப்போது சாதாரண நாளில் 80, பயண நாளில் 100. ஐபோன்களில் 2019இல் ஐஓஎஸ் 13உடன் வந்த வசதி இன்னும் சாமர்த்தியமானது. நாம் எழுந்திருக்கும் நேரத்தைப் பழகிக்கொண்டு, ராத்திரி 80இல் காத்திருந்து, விடிவதற்கு முன்பு மீதியை நிரப்புகிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதுபோல ஒன்று உண்டு, அமைப்புகளில் தேடிப் பாருங்கள்.

அப்புறம் பேட்டரி எவ்வளவு உழைத்தது என்று சொல்லும் சுழற்சிக் கணக்கு. சார்ஜரை எத்தனை முறை செருகினோம் என்பது கணக்கில்லை. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. எனவே நடுநடுவே பத்து நிமிடம் போட்டு எடுப்பதால் ஒன்றும் கெடாது. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதம் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொன்னது, ஐபோன் 15க்கு அதையே 1000 என்றது. என் போன் வேறு நிறுவனத்துடையது. தினம் சராசரியாகப் பாதி என்று வைத்தால் நானும் 700ஐத் தாண்டியிருப்பேன்.

முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும், புதுப் போனை எட்டு மணி நேரம் ஏற்ற வேண்டும் என்று பெரியப்பா இன்றும் சொல்வார். அவர் சொன்னது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துக்குச் சரி. இப்போதைய பேட்டரி தீர்ந்து கிடப்பதை விரும்பாது. பழைய போனை அலமாரியில் போட்டு வைப்பதாக இருந்தால்கூடப் பாதி சார்ஜோடு அணைத்து வையுங்கள்.

வேகச் சார்ஜரைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. பாதி வரை வேகமாக ஏற்றிவிட்டு அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் ராத்திரிக்குப் பழைய மெதுவான சார்ஜர், அவசரத்துக்கு வேகச் சார்ஜர் என்று வைத்திருக்கிறேன், ஏற்றும்போது உறையைக் கழற்றிவிடுவேன். கம்பியில்லாச் சார்ஜரை ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு விட்டுவிட்டேன். கொஞ்சம் தள்ளி வைத்தால்கூடச் சார்ஜ் ஏறுவதைவிடச் சூடு ஏறுவதுதான் அதிகமாக இருந்தது.

இதெல்லாம் பேட்டரியின் ஆயுள் விஷயம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறு கணக்கு, அதில் நான் வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்டது சிக்னல். ஒரு நாள் வேலை நெருக்கடியில் போனைத் தொடவே இல்லை, மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். மதியம் பார்த்தால் 30 சதவீதம் காணோம். எது தின்றது என்று பேட்டரிப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்தால் முதலிடத்தில் மொபைல் நெட்வொர்க். நான் உட்காரும் அறையில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கோபுரத்தைத் தேடித் தேடி, கத்திக் கத்திப் பேசுகிற மாதிரி போன் முழுச் சக்தியோடு அலை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றே வைஃபை வழியாக அழைப்பு வரும் வசதியைப் போட்டேன், அந்த அறையில் 5ஜியை நிறுத்தி 4ஜியில் வைத்தேன். அடுத்த நாள் அதே நேரத்துக்கு இழப்பு பத்துக்கும் கீழே. நான்கு வருடத்தில் செய்த வேறு எந்த மாற்றமும் இவ்வளவு பலன் தரவில்லை.

பின்னணியைக் கருப்பாக்கும் கருப்புத் திரையை (டார்க் மோட்) எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ஓஎல்இடி திரையாக இருந்தால் மட்டுமே அதில் லாபம், ஏனென்றால் அதில் கருப்பு என்றால் அந்தப் புள்ளி எரியவே இல்லை என்று அர்த்தம். அதிலும் 2021இல் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது மிச்சமானது சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 வரை போனது. வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பழகியவர்களுக்குக் கருப்புத் திரை கண்ணுக்கு இதம், அவ்வளவே.

சமீபத்தில் திறந்த செயலிகளை வரிசையாகத் தள்ளி மூடுவதை நிறுத்துங்கள். பெரும்பாலும் அவை உறைந்துதான் கிடக்கும், மூடிவிட்டு அடுத்த நிமிடமே திறந்தால் முதலிலிருந்து கிளம்ப இன்னும் அதிகம் செலவாகும். பேட்டரி சேமிக்கும் செயலி என்று வருபவை தாங்களே விளம்பரம் ஓட்டிப் பேட்டரி தின்னும். வேண்டவே வேண்டாம்.

உப்பிய அந்தப் பழைய போனுக்குப் பேட்டரி மாற்றி அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு 80, 30 எதுவும் தெரியாது, சொன்னாலும் கேட்கமாட்டார். ஒன்பது மணிக்குச் சார்ஜ் போட்டால் விடிந்து காபி குடித்த பிறகுதான் எடுப்பார். ஆனால் உறை போடுவது அவருக்குப் பிடிக்காது, ஜன்னல் ஓரமாக வெறுந்தரையில் வைத்துவிடுவார், வெயிலில் எடுத்துக்கொண்டு சுற்றவும் மாட்டார். ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் அதே செயலியைப் போட்டுப் பார்த்தேன், 93 காட்டியது.