லா குளுவாரா, வாரியரா?

இரும்புக் கவசப் போர்க்கப்பல்களின் தொடக்கம் என்றாலே இந்த இரண்டில் எது மேல் என்ற சண்டை வந்துவிடும். பிரான்சின் லா குளுவார் 1859-இல் நீரில் இறங்கியது, பிரிட்டனின் வாரியர் 1860 டிசம்பரில்.

உடல்: குளுவார் மரக்கப்பல்தான், மேலே சுமார் 12 செ.மீ. இரும்புத் தகடு. வாரியருக்கு உடலே இரும்பு, உள்ளே நீர்புகாத அறைகள் வேறு.

கவசம்: குளுவாருக்கு முழு நீளத்துக்கும் உண்டு. வாரியருக்கு நடுப்பகுதியில் மட்டும், 11.4 செ.மீ. இரும்புத் தகடும் அதன் பின்னால் தேக்கு மரமும். முனைகளும் சுக்கானும் திறந்தே கிடந்தன. இது எனக்குப் பெரிய ஓட்டையாகத்தான் படுகிறது.

ஓட்டம்: வாரியர் 14 நாட் (மணிக்கு 14 கடல்மைல்) வேகத்தைத் தொட்டது, குளுவார் 13-ஐ ஒட்டி. ஆனால் வாரியர் அவ்வளவு நீளம், திருப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

செலவு: வாரியருக்கு 3,77,000 பவுண்டுக்கு மேல். பிரான்சில் இரும்பு உற்பத்தி அப்போது போதாது, மரத்தில் கட்டுவதே கைக்கு எட்டிய வழி.

ஆயுள்: குளுவாரை 1883-இல் உடைத்துவிட்டார்கள். வாரியர் பிற்காலத்தில் எண்ணெய் இறக்கும் மிதவைத் துறையாகக்கூடக் காலம் தள்ளி, இன்று போர்ட்ஸ்மத்தில் நிற்கிறது.

சரி, கைவசம் உள்ள மரத்தை வைத்துச் சீக்கிரம் ஒரு படை சேர்க்க வேண்டுமென்றால் குளுவார். பணமும் இரும்பும் இருந்து, தூரக் கடல்களிலும் எதிரியை விரட்ட வேண்டுமென்றால் வாரியர்தான். இரண்டுமே ஒரு போரிலும் சுடவில்லை என்பது தனிக்கதை.